மாற்று என்ஜினும் பதினாறு முனைச் சொக்கட்டும்

பழைய பிக்கப் வண்டி அல்லது சிறு லொறி ஒன்றின் என்ஜினைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஜப்பானிலிருந்து வந்த, கணினியால் இயக்கப்படும் டீசல் என்ஜின் ஒன்றைப் பொருத்துவது இலங்கையின் கராஜ்களில் புதிய வேலை அன்று. கண்டி நகரிலிருந்து மஹய்யாவ ஊடாகக் கட்டுகஸ்தோட்டைக்கும் மாத்தளைக்கும் செல்லும் ஏ-9 வீதியில் சுமையேற்றிப் போகும் வாகனம் ஒன்றின் முகத்தைப் பார்த்து அதன் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். பொனட்டுக்குள் இருக்கும் என்ஜினின் வயதை அப்படிச் சொல்ல முடியாது. 1980களில் செய்யப்பட்ட உடலுக்குள் 1990களின் அல்லது 2000களின் என்ஜின் இருக்கக்கூடும். அந்த என்ஜின் தன் குறைகளைத் தானே பதிவுசெய்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. அப்பதிவை வெளியே எடுத்துப் படிப்பதற்கான வாயில், ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே டேஷ்போர்டின் அடியில் இருக்க வேண்டிய பதினாறு முனைச் சொக்கட். என்ஜின் மாற்றும் வேலையில் கடைசியாக நினைவுக்கு வருவதும், பல வேளைகளில் செய்யப்படாமலே விடப்படுவதும் இந்தச் சொக்கட்டின் வயரிங்தான்.

இத்தகைய மாற்றங்கள் பெருகியதற்கான காரணங்கள் இரண்டு நாடுகளில் இருக்கின்றன. டீசல் புகையைக் கட்டுப்படுத்த ஜப்பான் 1992இல் ஒரு சட்டத்தை இயற்றி 2001இல் அதைக் கடுமையாக்கியது; 2003 ஒக்டோபரில் டோக்கியோ மாநகரம், தூசு அளவை நிறைவுசெய்யாத டீசல் வாகனங்கள் தன் வீதிகளில் ஓடுவதையே தடைசெய்தது. அன்றைய ஆளுநர் ஷின்டாரோ இஷிஹாரா, டீசல் கரியை ஒரு பிளாஸ்டிக் போத்தலில் அடைத்துச் செய்தியாளர்கள் முன் குலுக்கிக் காட்டியது அந்த நாட்டில் இன்றும் நினைவுகூரப்படும் காட்சி. இவ்வாறு ஒதுக்கப்பட்ட, இன்னும் நெடுந்தூரம் ஓடக்கூடிய என்ஜின்கள் பிற நாடுகளின் உதிரிப்பாகச் சந்தைகளுக்கு வந்துசேர்ந்தன. இலங்கையிலோ, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனத்தின் உடலைக் காப்பாற்றி என்ஜினை மட்டும் மாற்றுவது பலருக்கு எஞ்சியிருந்த வழியாயிற்று.

எடுத்துக்காட்டாக டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பைக் கொள்ளலாம். அதன் பழைய வடிவங்களில் 2446 கனசென்ரிமீற்றர் கொள்ளளவுள்ள 2எல் என்ஜினோ, 2779 கனசென்ரிமீற்றர் கொண்ட 3எல் என்ஜினோ இருந்தன. இவை முற்றிலும் இயந்திர முறையில் இயங்குபவை: ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும், குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளுக்கும், எரிபொருளை அடைக்கும் வால்வுக்கும், மின்பிறப்பாக்கிக்கும், டேஷ்போர்டின் சில மீற்றர்களுக்கும் கம்பி கொடுத்துவிட்டால் அவற்றின் மின்வேலை முடிந்தது. இவற்றின் இடத்தில் வைக்கப்படும் 1கேஇசட்-டிஇ, 1கேடி-எஃப்டிவி ஆகிய இரண்டும் 2982 கனசென்ரிமீற்றர் கொண்டவை. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டனின் வீச்சும்கூட இரண்டிலும் ஒன்றே. முன்னதில் பழைய பாணிப் பம்பையே ஒரு மின்வால்வு கட்டுப்படுத்துகிறது. பின்னதில் உயர் அழுத்தத்தில் எரிபொருளைத் தேக்கிவைக்கும் பொதுக் குழாய் ஒன்றிலிருந்து ஒவ்வோர் இன்ஜெக்டரும் கணினியின் கட்டளைப்படி திறந்து மூடுகிறது. இரண்டிலும் எவ்வளவு எரிபொருள், எந்தக் கணத்தில் என்பதை முடிவுசெய்வது ஈசியூ எனப்படும் என்ஜின் கணினியே. அது வெப்பநிலை, காற்றழுத்தம், சுழற்சி வேகம், மிதியின் நிலை ஆகியவற்றைச் சென்சர்கள் எனப்படும் உணரிகளின் வழியே அறிந்து, அவற்றுள் ஒன்று நம்பத்தகாத அளவைத் தந்தால் அதற்கான குறியீட்டை நினைவில் எழுதி, டேஷ்போர்டில் ஒரு விளக்கை எரியவிடுகிறது.

ஆனால் அந்த விளக்கும் சொக்கட்டும் என்ஜினில் இல்லை. அவை இருந்த டேஷ்போர்டு ஜப்பானில் நொறுக்கப்பட்டுவிட்டது. வாகனத்தின் முன்பாதியை அப்படியே அறுத்து அனுப்பும் ஹாஃப் கட் வாங்கியவருக்கு ஈசியூவும், வயரிங்கின் பெரும்பகுதியும், அதிர்ஷ்டம் இருந்தால் சொக்கட்டும் சேர்ந்து கிடைக்கும். என்ஜினை மட்டும் வாங்கியவருக்குக் கிடைப்பது, உடலுக்கும் என்ஜினுக்கும் இடையேயான தகட்டுச் சுவருக்கு அருகே ஒரே வெட்டில் துண்டிக்கப்பட்ட, முப்பது நாற்பது நிறக் கம்பிகள் தொங்கும் ஒரு கட்டு. அந்தக் கம்பிகளுள் என்ஜின் ஓடுவதற்கு இன்றியமையாதவற்றைக் கண்டுபிடித்து இணைத்தவுடன் வண்டி புறப்பட்டுவிடும். மீதிக் கம்பிகள் இன்சுலேஷன் டேப்பால் சுற்றப்பட்டு ஒதுக்கப்படும். சொக்கட்டுக்குரிய கம்பிகள் பெரும்பாலும் அந்த மீதியில்தான் இருக்கின்றன.

இந்தச் சொக்கட் எதற்காகப் பிறந்தது என்பதை அறிய லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குச் செல்ல வேண்டும். மலைகள் சூழ்ந்த அந்த வடிநிலத்தில் கண்ணை எரிக்கும் புகைமூட்டம், வாகனங்களிலிருந்து வெளியேறும் எரியாத ஐதரோகாபன்களும் நைதரசன் ஒட்சைட்டுகளும் வெயிலில் தாக்கமுறுவதால் உண்டாகிறது என்பதை 1950களின் தொடக்கத்தில் ஏரி ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் காட்டினார். 1967இல் கலிபோர்னியாவில் காற்று வளச் சபை அமைக்கப்பட்டது. புதிதாக வெளிவரும் வாகனம் சுத்தமாக இருந்தால் போதாது, அது பழுதடைந்து புகைவிடத் தொடங்கும்போது தானே சொல்ல வேண்டும் என்று அச்சபை கோரியதன் விளைவே, 1988 ஆம் ஆண்டு வாகனங்களில் கட்டாயமாக்கப்பட்ட முதல் தலைமுறை உள்ளாய்வு முறை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனச் சொக்கட்டும் குறியீடும் வைத்துக்கொண்டிருந்த அந்தக் குழப்பத்தை, 1996இல் அமெரிக்கா முழுவதற்கும் கட்டாயமான இரண்டாம் தலைமுறை முறை ஒழித்தது. ஓபிடி-2 எனப்படும் அதுவே ஒரே வடிவச் சொக்கட்டையும், உலகுக்கெல்லாம் பொதுவான குறியீடுகளையும் கொண்டுவந்தது. ஐரோப்பா பெட்ரோல் வாகனங்களுக்கு 2001இல் அதைப் பின்பற்றியது.

சொக்கட்டின் பதினாறு முனைகளைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. மாற்று என்ஜின் ஒன்றில் பயன்படுபவை ஐந்தாறு மட்டுமே. நான்காவது முனை வாகனத்தின் உடலோடு சேரும் எர்த். ஐந்தாவது முனை சமிக்ஞைகளுக்கான தனி எர்த். பதினாறாவது, சாவி அணைக்கப்பட்டிருந்தாலும் மின் இருக்கும் பெட்டரி நேர்முனை. ஏழாவது முனை கே-லைன் எனப்படும் ஒற்றைக் கம்பிப் பேச்சு வழி. ஆறாவதும் பதினான்காவதும் கேன் எனப்படும் இரட்டைக் கம்பிப் பேச்சு வழி. இரண்டும் பத்தும் பழைய அமெரிக்க வாகனங்களுக்குரியவை. இங்கு அவற்றை வெறுமையாக விட்டுவிடலாம். எஞ்சியவற்றுள் பலவற்றை நிறுவனங்கள் தம் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்கின்றன. டொயோட்டா பதின்மூன்றாவது முனையை டிசி என்ற பெயரில் வைத்திருப்பது பின்னர் உதவப்போகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சொக்கட்டின் வடிவம் ஒன்று, அதன் வழியே பேசப்படும் மொழி வேறொன்று. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்ட 1990களின் வாகனங்களுக்கு அமெரிக்கச் சட்டம் பொருந்தவில்லை. ஆகவே அவற்றுள் சிலவற்றில் பதினாறு முனைச் சொக்கட் இருந்தும், உள்ளே இருக்கும் ஈசியூ தன் நிறுவனத்தின் சொந்த மொழியை மட்டுமே அறிந்தது. 1கேஇசட்-டிஇ என்ஜின் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தது. அதற்குப் புதுச் சொக்கட் ஒன்றை அழகாகப் பொருத்தி, சந்தையில் விற்கும் பொது ஸ்கேனரைச் செருகினால் எந்தப் பதிலும் வராது; வயரிங்கில் பிழை என்று எண்ணி நாள் முழுதும் தேடுவதில் பயனில்லை. இத்தகைய என்ஜினுக்கு நிறுவனத்தின் சொந்த ஸ்கேனர், அல்லது பழைய டொயோட்டா மொழியையும் அறிந்த ஸ்கேனர் வேண்டும். இரண்டும் கிடைக்காதபோதும் ஒரு வழி உண்டு: பொனட்டுக்குள் இருந்த பழைய சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 என்ற முனைகளையோ, பதினாறு முனைச் சொக்கட்டில் பதின்மூன்றையும் நான்கையுமோ ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திறந்தால், எச்சரிக்கை விளக்கு மின்னி மின்னிக் குறியீட்டை எண்ணிச் சொல்லும். இரண்டு மின்னல், சிறு இடைவெளி, மீண்டும் இரண்டு மின்னல் என்றால் 22, அதாவது குளிர்நீர் வெப்ப உணரியின் சுற்றில் குறை. நான்கும் இரண்டும் என்றால் 42, வேக உணரியிடமிருந்து சமிக்ஞை இல்லை. குறை எதுவும் இல்லாவிடில் விளக்கு இடைவெளியின்றி ஒரே சீராக மின்னிக்கொண்டிருக்கும். ஆகவே இந்த என்ஜினைப் பொறுத்தவரை ஸ்கேனரைவிட முதலில் தேவைப்படுவது, ஈசியூவின் டபிள்யூ என்ற முனையிலிருந்து டேஷ்போர்டுக்கு ஒரு விளக்குக் கம்பியும், டிசி முனையிலிருந்து சொக்கட்டுக்கு ஒரு கம்பியுமே.

வயரிங்கில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் எர்த். பழைய வாகனத்தின் உடலில் முப்பது ஆண்டுத் துரு இருக்கிறது. மலைநாட்டின் மழை அதை வளர்த்திருக்கிறது. பெட்டரியின் எதிர்முனையிலிருந்து உடலுக்கும், உடலிலிருந்து என்ஜினுக்கும் செல்லும் தடித்த பட்டைகளின் மின்தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு மட்டுமே என்று கொள்வோம். சாதாரணக் கணக்கில் இது ஒன்றுமில்லை. ஆனால் டீசல் என்ஜினின் ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது 200 அம்பியர் மின்னோட்டம் அதன் வழியே பாய்ந்தால், ஓமின் விதிப்படி அந்தச் சிறு தடையின் இரு முனைகளுக்கும் இடையே 2 வோல்ட் தோன்றும். அதாவது என்ஜினின் எர்த் வேறு, உடலின் எர்த் வேறு என்றாகிவிடுகிறது. என்ஜின் ஓடத் தொடங்கியபின் மின்பிறப்பாக்கி 60 அம்பியர் தருமானால் அதே தடையில் 0.6 வோல்ட் எஞ்சும்.

கே-லைன் எனப்படும் ஒற்றைக் கம்பி முறையில் இந்த வேறுபாடு நேரடியாகத் தாக்குகிறது. அங்கே ஒவ்வொரு எழுத்தும் கம்பியின் மின்னழுத்தம் எர்த்தோடு ஒப்பிடப்படுவதன் மூலமே படிக்கப்படுகிறது: பெட்டரி அழுத்தத்தின் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூச்சியம், 70 சதவீதத்துக்கு மேலே இருந்தால் ஒன்று. 12 வோல்ட் வாகனத்தில் பூச்சியத்தின் எல்லை 3.6 வோல்ட், ஸ்கேனரின் எர்த்தும் ஈசியூவின் எர்த்தும் 2 வோல்ட் விலகி நின்றால் அந்த எல்லையின் பாதிக்கு மேல் வீணாகிவிடும். இதனாலேயே சொக்கட்டில் எர்த்துக்கு இரண்டு முனைகள் வைக்கப்பட்டன. நான்காவது முனை ஸ்கேனரை இயக்கும் மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்பட்டும். ஐந்தாவது முனை ஈசியூவின் சொந்த எர்த்துக்கு நேராகச் சென்று, எந்த மின்னோட்டமும் சுமக்காமல், எது பூச்சியம் என்பதை மட்டும் சொல்லட்டும் என்பதே அந்த ஏற்பாடு. இரண்டையும் ஒன்றாக முறுக்கி டேஷ்போர்டின் அடியில் கைக்கெட்டிய ஒரு திருகாணியில் மாட்டிவிடும் பழக்கம் கராஜ்களில் பரவலாக இருக்கிறது. வேலை விரைவில் முடியும். சில நாள் ஸ்கேனர் பேசும், சில நாள் பேசாது.

உணரிகளின் எர்த் இதைவிட நுட்பமானது. குளிர்நீர் வெப்ப உணரி, வெப்பம் கூடக் கூடத் தடை குறையும் ஒரு பொருள். டொயோட்டா உணரிகளில் 20 பாகை செல்சியஸில் 2 முதல் 3 கிலோ ஓம் இருப்பது 80 பாகையில் 0.2 முதல் 0.4 கிலோ ஓமாக இறங்கிவிடும். ஈசியூ 5 வோல்ட் அளவுகோலில் அதை அளக்கிறது. இவ்வுணரியின் திரும்பும் கம்பி ஈசியூவின் இ2 என்ற முனைக்கே செல்ல வேண்டும். வெட்டப்பட்ட கம்பியை நீட்டச் சோம்பி அதை உடலில் மாட்டினால், மேலே சொன்ன 0.6 வோல்ட் அந்த 5 வோல்ட் அளவுகோலில் 12 சதவீதப் பிழையாகப் புகுந்துவிடும். சூடான என்ஜினை ஈசியூ குளிர்ந்ததென எண்ணித் தேவைக்கு மிஞ்சிய எரிபொருளைக் கொடுக்கும். ஸ்கேனரோ அந்தப் பொய்யான வெப்பநிலையையே உண்மைபோல் காட்டும். சொக்கட் சொல்வது ஈசியூ கண்டதை மட்டுமே என்பதை மறந்த மெக்கானிக் நல்ல உணரியைக் கழற்றி வீசிவிட்டுப் புதியதற்கு ஆள் அனுப்புவார்.

கேன் முறை இத்தொல்லையிலிருந்து பெரிதும் விடுபட்டது. ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1983இல் தொடங்கிய ஆய்வின் பயனாக 1986இல் டெட்ரோயிட்டில் அறிமுகப்படுத்தப்பட்ட அம்முறை, 2008 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்களின் ஓபிடி பேச்சுக்குக் கட்டாயமாயிற்று. இதில் இரண்டு கம்பிகளும் ஓய்வில் 2.5 வோல்ட்டில் நிற்கின்றன. செய்தி அனுப்பும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு ஏற, மற்றது 1.5 வோல்ட்டுக்கு இறங்குகிறது. செய்தியைப் பெறும் கருவி பார்ப்பது இரண்டின் வித்தியாசத்தை மட்டுமே. இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருப்பதால் வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் இரண்டையும் ஒரே அளவில் அசைக்கிறது. கழித்துப் பார்க்கும்போது அது மறைந்துவிடுகிறது. முறுக்கு இல்லாத இரண்டு தனிக் கம்பிகளை ஸ்டார்ட்டர் கேபிளோடு சேர்த்துக் கட்டி ஓட்டினால் இந்த நுட்பம் முழுவதும் வீணாகும்.

கேன் கம்பிகளின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒன்று குறுக்காக இருக்க வேண்டும். மின்துடிப்பு கம்பியின் முனையை அடைந்து போக இடமின்றித் திரும்பி வந்தால், பின்னால் வரும் துடிப்போடு மோதி எழுத்தைக் கலைத்துவிடும். கம்பியின் இயல்புக்கு இணையான தடை அதை அங்கேயே உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டு 120 ஓம் தடைகள் பக்க இணைப்பில் 60 ஓமாகத் தெரியும் என்பதால், பெட்டரியைக் கழற்றிவிட்டு ஆறாவது, பதினான்காவது முனைகளுக்கிடையே மல்டிமீற்றரை வைத்தால் உண்மை உடனே வெளிவரும். 60 என்றால் சரி. 120 என்றால் ஒரு கோடியின் தடை இல்லை. மாற்று என்ஜின்களில் மிகவும் எதிர்பார்க்கத்தக்க குறை இதுவே, ஏனெனில் ஒரு தடை ஈசியூவுக்குள் இருக்க, மற்றது டேஷ்போர்டு மீற்றர் போன்ற வேறொரு பெட்டிக்குள் இருந்து ஜப்பானிலேயே தங்கிவிட்டிருக்கும். சில ரூபாய் விலையுள்ள 120 ஓம் தடை ஒன்றைச் சொக்கட்டுக்கு அருகே இரு கம்பிகளுக்கும் குறுக்காக இணைத்தால் குறை தீரும். 1கேடி-எஃப்டிவியின் முந்திய ஆண்டு ஈசியூக்கள் கே-லைனிலும் பிந்தியவை கேனிலும் பேசுவதால், கையிலிருக்கும் ஈசியூவின் பாக இலக்கத்தைக் கொண்டு அதன் வயரிங் படத்தைத் தேடி எடுத்த பின்பே கம்பியில் கை வைக்க வேண்டும். நிறத்தை மட்டும் நம்பி இணைப்பது ஆபத்தானது. மலிவு ஸ்கேனர்கள் சிலவற்றில் கே-லைன் பகுதி முற்றாக இல்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெட்டரி நேர்முனையிலிருந்து பதினாறாவது முனைக்கு வரும் கம்பிக்குத் தனியாக ஒரு பியூஸ் தேவை; 7.5 அல்லது 10 அம்பியர் போதும். சாவியோடு அணையும் மின்னிலிருந்து அதை எடுப்பது பிழை. ஸ்டார்ட்டர் சுழலும்போது சாவிச் சுற்றின் சில கிளைகள் அறுபடும் என்பதால், என்ஜின் ஏன் பற்றவில்லை என்று பார்க்கவேண்டிய அதே கணத்தில் ஸ்கேனர் அணைந்துவிடும். சந்திகளைச் சரியான கருவியால் நசுக்கி, வெப்பத்தில் சுருங்கும் உறையால் மூடுவதே மேல். ஈயப்பற்று வைத்த இடத்தில் கம்பியின் இழைகள் விறைத்து, லொறியின் அதிர்வில் அந்த விளிம்பிலேயே முறிகின்றன.

சொக்கட்டோடு நேரடித் தொடர்பில்லாத, ஆனால் அது இல்லாமல் வெளிச்சத்துக்கு வராத ஒரு குறை வேக சமிக்ஞை. பழைய ஹைலக்ஸில் வேகமானி, கியர்பெட்டியிலிருந்து வரும் சுழலும் கேபிளால் இயங்கியது. மின்துடிப்பு எதுவும் அதில் இல்லை. புதிய ஈசியூவோ வாகனம் நகர்கிறதா நிற்கிறதா என்பதை அறிய விரும்புகிறது. ஜப்பானியத் தரப்படி 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்தக் கேபிள் நிமிடத்துக்கு 637 முறை சுழலும். ஒரு சுழற்சிக்கு நான்கு துடிப்புத் தரும் உணரியைக் கேபிளின் இடத்தில் பொருத்தினால், கிலோமீற்றருக்கு 2548 துடிப்புகள் கிடைக்கும். சந்தையில் கிடைக்கும் உணரி இந்தக் கணக்குக்கு ஏற்றதா என்று பார்த்துப் பொருத்தினால், 42 என்றோ, ஓபிடி மொழியில் பி0500 என்றோ நிரந்தரமாக எரியும் குறியீடு அணையும். அவ்வாறு செய்யாமல், எரிகிறதே என்று விளக்கையே கழற்றிவிடுவதும் நடக்கிறது. அப்படிச் செய்த நாளிலிருந்து, நாளை வரப்போகும் பெரிய குறையையும் அந்த வாகனத்தால் சொல்ல முடியாது.

திருட்டுத் தடுப்பு முறை உள்ள வாகனத்திலிருந்து வந்த ஈசியூ, தன் சாவியில் இருக்கும் சில்லின் இலக்கத்தைக் கேட்காமல் எரிபொருள் கொடுக்காது. என்ஜின் பற்றி உடனே அணையும். சாவி, சாவித்துளையைச் சுற்றியுள்ள வளையம், ஈசியூ மூன்றையும் ஒரே வாகனத்திலிருந்து சேர்த்து வாங்கினால் இத்தொல்லை இல்லை.

லொறிகளுக்கு மேலும் ஓர் எச்சரிக்கை உரியது. இசுசு எல்ஃப் போன்ற ஜப்பானிய லொறிகள் பலவற்றில் இரண்டு பெட்டரிகளைத் தொடராக இணைத்த 24 வோல்ட் அமைப்பு இருக்கிறது. பிக்கப் வண்டிகளில் 12 வோல்ட். ஒரே குடும்ப என்ஜின் இரண்டிலும் வந்திருந்தாலும் ஈசியூவும் ஸ்டார்ட்டரும் வேறு. 24 வோல்ட் வாகனங்களுக்கெனச் சொக்கட்டிலும் தனி வடிவம் வகுக்கப்பட்டிருக்கிறது: நடுவிலுள்ள பள்ளம் ஒரு தடுப்பால் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், 12 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட ஸ்கேனர் அதில் நுழையாது. இலகுவில் கிடைப்பது 12 வோல்ட் சொக்கட் என்பதற்காக அதை 24 வோல்ட் லொறியில் பொருத்துவது, அடுத்து வரும் ஒருவரின் ஸ்கேனரைக் கருக்குவதற்கு வழி செய்வதாகும். ஸ்கேனருக்கு 12 வோல்ட் வேண்டும் என்று இரு பெட்டரிகளின் நடுவிலிருந்து கம்பி இழுப்பதும் தவறு. ஒரு பெட்டரி மட்டும் இறங்கி, மற்றது மிகையாக ஏற்றப்பட்டு, இரண்டும் காலத்துக்கு முன்பே கெடும்.

வேலை முடிந்தபின் சரிபார்ப்பதற்கு மலைநாடு தானாகவே ஓர் அளவுகோலை வழங்குகிறது. ஓபிடி மொழி அறிந்த ஈசியூவாக இருந்தால், சாவியைத் திறந்து என்ஜினைப் பற்றவைக்காமல் காற்றுக் குழாயின் அழுத்தத்தை ஸ்கேனரில் பார்க்க வேண்டும். என்ஜின் நிற்கையில் அங்கிருப்பது வெளிக்காற்றின் அழுத்தமே. கடல்மட்டத்தில் அது 101 கிலோபஸ்கால்; ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் 95 அளவில் இருக்க வேண்டும்; 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் 81க்கு அருகே, அதாவது கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்கு. மஹய்யாவவில் நிற்கும் வாகனம் 101க்கு மேலோ 85க்குக் கீழோ காட்டினால் உணரியையோ அதன் எர்த்தையோ சந்தேகிக்கலாம். இந்த எண்ணைக் கொண்டுதான் ஈசியூ எரிபொருளின் மேல் வரம்பைத் தீர்மானிக்கிறது. கம்பளையிலிருந்து ரம்பொடை ஏற்றத்தில் ஏறும்போது காற்று மெலிவதை அறிந்து எரிபொருளைக் குறைக்காத என்ஜின் கரும்புகை கக்கும். பழைய 2எல் என்ஜினுக்கு அந்த அறிவே இல்லை. புதியதற்கு இருந்தும், பிழையான வயரிங் அதைப் பறித்துவிடக்கூடும்.

ஈசியூவின் பதில்கள் எண்களாகவே வருகின்றன, கணக்கும் எளிது. சுழற்சி வேகம் கேட்டால் இரண்டு எண்கள் வரும்; முதலாவதை 256ஆல் பெருக்கி இரண்டாவதைக் கூட்டி 4ஆல் வகுக்க வேண்டும். 11, 184 என்று வந்தால் நிமிடத்துக்கு 750 சுழற்சி. குளிர்நீர் வெப்பநிலைக்கு ஓர் எண். அதிலிருந்து 40ஐக் கழிக்க வேண்டும். 123 வந்தால் 83 பாகை. இரவு முழுவதும் நின்ற வாகனத்தில் காலையில் குளிர்நீர் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்பது, ஸ்கேனரைத் தவிர வேறு கருவி எதுவுமின்றி இரண்டு உணரிகளையும் ஒருசேரச் சோதிக்கும் வழி.

சட்டம் இவ்விடயத்தில் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் என்ஜின் மாற்றப்பட்ட வாகனத்துக்கு நடுவர் ஒருவரின் பரிசோதனை உண்டு: பொருத்தப்படும் என்ஜின் வாகனத்தின் ஆண்டுக்கு முந்தியதாக இருக்கக்கூடாது, அந்த என்ஜினோடு பிறந்த மாசுக் கட்டுப்பாட்டு உறுப்புகளும் எச்சரிக்கை விளக்கும் உள்ளாய்வு முறையும் முழுமையாக இயங்க வேண்டும். இலங்கையில் 2008இல் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனை, புகைக்குழாயின் முனையில் வெளிவருவதை அளக்கிறது. டீசல் வாகனத்தில் மிதியைச் சட்டென அழுத்தி, புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கப்படுகிறது. அச்சான்றிதழ் இன்றி வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாது. ஆண்டுக்கு ஒரு நாள், சில நிமிடங்களுக்கு மட்டும் நடக்கும் அந்த அளவீட்டைவிட, 365 நாளும் ஓடும்போதே பார்த்துக்கொண்டிருக்கும் ஈசியூவின் பதிவு நம்பத்தக்கது. ஆனால் இங்கே அதைக் கேட்பவர் இல்லை. கண்டியும் லொஸ் ஏஞ்சலிஸைப் போலவே மலைகள் சூழ்ந்த குழிவில் அமைந்த நகரம். அதன் காற்றின் மாசு குறித்துப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் பேராசிரியராக இருந்த ஒலிவர் இலேபெரும போன்றோர் நெடுங்காலம் ஆய்ந்து எழுதியிருக்கின்றனர்; காற்றோட்டம் குறைந்த காலை வேளைகளில் வாகனப் புகை அக்குழிவை விட்டு எளிதில் வெளியேறுவதில்லை.

என்ஜின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் இருப்பதால், மாற்றத்தை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்பதை உரிமையாளர்கள் பெரும்பாலும் அறிவர். அத்தோடு இன்னொன்றையும் கேட்டுப் பெறுவது நல்லது. கராஜின் கடைசித் தவணையைக் கொடுக்குமுன், ஈசியூவின் பாக இலக்கத்தையும், எந்தக் கம்பி எந்த முனைக்குச் செல்கிறது என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்கி டேஷ்போர்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். சாவியைத் திறந்ததும் எச்சரிக்கை விளக்கு எரிந்து, என்ஜின் பற்றியதும் அணைவதை நேரில் பார்க்க வேண்டும். சொக்கட்டில் ஸ்கேனரைச் செருகி, அது இல்லையேல் டிசி முனையை இணைத்து, குறியீடு எதுவும் இல்லை என்று காட்டச் சொல்ல வேண்டும். இம்மூன்றுக்கும் இணங்காத கராஜில் என்ஜின் மாற்றும் வேலையைக் கொடுக்காதிருப்பதே நல்லது.